திமிலில் என்ன இருக்கிறது?

ஒட்டகத்துக்குத் திமில் எதற்கு என்று பிள்ளைகள் கேட்டால், தண்ணீர் சேர்த்து வைக்க என்று பலரும் சொல்லிவிடுவார்கள். திமிலில் இருப்பது கொழுப்பு. தீவனம் கிடைக்காத நாள்களில் அது கரைந்து உடலைத் தாங்குகிறது, திமிலும் சரிந்துவிடுகிறது. மணற்காற்று வீசினால் ஒட்டகம் மூக்குத் துளைகளை மூடிக்கொள்ளும். கண்ணுக்கு இரண்டு வரிசை இமைமுடி. மணலில் புதையாத அகன்ற பாதம். இவற்றைச் சரியாகச் சொல்லித் தருவதும் மறைக்கல்விதான்.

சற்று வளர்ந்த பிள்ளை அடுத்ததைக் கேட்கும்: "இவையெல்லாம் பல தலைமுறைகளாக மெல்ல மெல்ல உருவானவை என்று பள்ளியில் சொல்கிறார்களே, கோவிலில் கடவுள் படைத்தார் என்கிறீர்களே?" அதட்டி வாயை அடைத்துவிட வேண்டாம். அப்படி அடைக்கப்பட்ட பிள்ளை ஒருநாள் இரண்டில் ஒன்றை விட்டுவிடும், பெரும்பாலும் கோவிலைத்தான். பரிணாமக் கொள்கை வெறும் கருதுகோள் அல்ல என்று 1996இல் திருத்தந்தை புனித இரண்டாம் யோவான் பவுல் சொன்னார். கடவுள் மெல்லப் படைக்கக் கூடாதா என்ன?

யோபு நூல் 39ஆம் அதிகாரத்தில் கடவுளே கேள்வி கேட்கிறார்: மலையாட்டின் பேறுகாலம் பற்றி, காட்டுக் கழுதை பற்றி, வல்லூறின் சிறகு பற்றி. இன்றிரவு குடும்பச் செபத்துக்குப் பின் அதைப் பிள்ளைகளோடு வாசிப்போம். இடையில் அவர்கள் ஏதாவது கேட்டால், வாசிப்பை நிறுத்திவிட்டுப் பேசுவோம்.