ஓர் ஒற்றெழுத்து

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘வாசிப்பும் நானும்’ என்னும் தலைப்பில் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்துள்ளனர். இத்தகைய தலைப்பில் பேசுவோர் தாம் பயின்ற நூல்களை வரிசைப்படுத்திச் சொல்வது வழக்கம். அதனை என்னினும் நிரம்பப் படித்தவர்கள் இந்த அவையில் இருக்கிறார்கள். நானோ, பள்ளிப் பருவத்தில் ஒரு வாசிப்புப் போட்டியில் தோற்ற கதையைச் சொல்ல விரும்புகிறேன். அத்தோல்வியின் பாடத்தை நான் உள்ளபடி கற்றுக்கொள்ள ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஆயின. அதற்குள், இந்த வட்டத்தைச் சேர்ந்த கவிஞர் ஒருவர்க்கு என்னால் ஒரு தீங்கும் நேர்ந்துவிட்டது. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

அன்று இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்த மானாமதுரைக்கு அருகே ஒரு சிற்றூர் என் பிறப்பிடம். எங்கள் வீட்டில் முதன்முதலில் எழுத்தறிந்தவன் நான். என் அப்பத்தாவுக்கு ஓரெழுத்தும் தெரியாது. ஆனால் கதை கேட்பதில் தீராத வேட்கை. திருவிழாக் கடைகளில் விற்கும் ‘பெரிய எழுத்து’ நூல்களை வாங்கி வைத்துக்கொண்டு, விளக்கு வைத்ததும் என்னை அழைத்துவிடுவார். அல்லி அரசாணி மாலையும் நல்லதங்காள் கதையும் அவ்வாறு நான் பலமுறை வாசித்தவை. நல்லதங்காள் பிள்ளைகளுடன் கிணற்றங்கரைக்கு வரும் இடத்தில் அப்பத்தா, ‘இன்னைக்கு இத்தோட நிறுத்துடா’ என்பார். மறுநாள் அதே இடத்திலிருந்து தொடங்கச் சொல்லுவார். நிறுத்தம் என்பது என்னவென்று எனக்கு முதலில் கற்பித்தவர் அவரே.

நான் நூலை முகத்துக்கு மிக அருகே வைத்துத்தான் படிப்பேன். ‘புத்தகத்த மோந்து மோந்து படிக்கிறான்’ என்று வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். படிப்பில் கொண்ட ஆர்வம் என்று அவர்கள் கருதினார்கள்; நானும் அப்படியே கருதினேன். மற்றவர்க்கு உலகம் வேறுவிதமாகத் தெரிகிறது என்பதை ஒரு சிறுவன் எங்ஙனம் அறிவான்?

1971ஆம் ஆண்டு. நான் ஏழாம் வகுப்பு. பள்ளி இலக்கிய மன்ற விழாவை ஒட்டி வாசிப்புப் போட்டி அறிவித்தார்கள். நூலகத்து நூல் ஒன்றிலிருந்து மூன்று பக்கம், குறுநில மன்னன் ஒருவனின் போர்க்கதை, ஒரு வாரம் முன்னதாகவே குறிக்கப்பட்டது. உச்சரிப்பு, நிறுத்தம், குரல் ஏற்ற இறக்கம், பிழையின்மை என நான்கு கூறுகளுக்கு மதிப்பெண். நூலைச் சாய்மேசையின்மீது வைத்து, நிமிர்ந்து நின்று படிக்க வேண்டும். கையில் எடுத்து முகத்தை மறைத்தல் கூடாது என்பது விதி. அவ்விதியைக் கேட்டதும் என் நெஞ்சு அடித்துக்கொண்டது. அத்தனை தொலைவில் வைத்தால் எனக்கு எழுத்துத் தெரியாது. அதை வெளியில் சொல்ல வெட்கம்.

நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். போட்டியில் கலந்துகொண்ட தோழன் ஒருவன் எங்கள் தெருவிலேயே இருந்தான். இருந்த ஒரே படியை அவன்தான் வீட்டுக்கு எடுத்து வந்திருந்தான். தினமும் மாலையில் அவன் வாய்விட்டுப் படித்துப் பழகுவான். நான் அருகிலிருந்து கேட்பேன். ஐந்தாம் நாள் மூன்று பக்கமும் எனக்கு மனப்பாடம். அவன் குரலைவிட என் குரல் நன்றாயிருந்தது. அப்பத்தாவிடம் கற்ற நிறுத்தமும் இருந்தது. பரிசு எனக்கே என்று உறுதி கொண்டேன்.

போட்டி நாளன்று மேடையேறி, சாய்மேசையில் விரிந்திருந்த நூலின்மீது பார்வையைப் பதித்து, முழங்கினேன். பார்வைக்குத் தெரிந்ததெல்லாம் சாம்பல் நிறக் கோடுகளே. அவற்றினிடையே ஆங்காங்கு வளைந்து நிமிர்ந்த துதிக்கைகள் தெரிந்தன. 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் ணை, லை, ளை, னை ஆகியவற்றை யானைத் துதிக்கை போன்ற கொம்புடன் எழுதினோம். மூத்தவர்கள் அதனை நன்கு அறிவர். அந்தக் கொம்புகளை அடையாளமாகக் கொண்டு, இந்நேரம் இந்த வரியில் இருக்கிறேன் என்று கணக்கிட்டுக்கொண்டே சென்றேன். ஓரிடத்தில் மட்டும் முன்வரிசையில் சிலர் சிரித்தார்கள். ஏனென்று விளங்கவில்லை. முடித்ததும் கைதட்டல் எழுந்தது.

முடிவு அறிவித்தபோது என் பெயர் இல்லை. தோழனுக்கு இரண்டாம் பரிசு. நடுவராகப் பக்கத்து ஊரிலிருந்து வந்திருந்த புலவர், ‘ஒரு மாணவர் மிக அழகாக ஒப்புவித்தார். ஆனால் இது வாசிப்புப் போட்டி’ என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். அவையில் அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அன்று பட்ட அவமானம் இன்றும் நினைவிருக்கிறது.

விழா முடிந்ததும் புலவர் என்னைத் தனியே அழைத்தார். ‘தம்பி, இரண்டாம் பக்கத்தில் ஒரு வரியை விட்டுவிட்டாய், தெரியுமா?’ என்றார். தெரியாது. தோழன் வீட்டில் படிக்கும்போதெல்லாம் கவனமின்றித் தாண்டிச் சென்ற வரி அது. மேடையில் நூலைப் பார்த்துப் படித்ததால் அவன் திருத்திக்கொண்டான். ‘இன்னொன்று. மன்னன் படைவீரனிடம் என்ன கேட்கிறான்?’ என்றார். ‘அந்த வேலை கொடு என்கிறான், ஐயா’ என்றேன். ‘போர்க்களத்தில் நின்றுகொண்டு மன்னன் வேலை கேட்பானா?’ என்று சிரித்தவாறு நூலை விரித்து நீட்டினார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. குனிந்து, மூக்கு தாளில் படும் அளவுக்கு நெருங்கினேன். அதன் பிறகே தெரிந்தது: ‘வேலைக் கொடு’ என்றிருந்தது. வேல் என்னும் படைக்கருவியை மன்னன் கேட்டான். ஒரு ககர ஒற்றைத் தோழன் விழுங்கினான். நான் அவன் வாயிலிருந்து வாங்கி அவையில் வைத்தேன். மேடையில் அச்சொல்லின் துதிக்கை எனக்குத் தெரிந்தது. ஒற்றின் தலையிலிருந்த புள்ளி தெரியவில்லை.

புலவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். நான் குனிந்த விதத்தைக் கண்டு அவருக்கு எல்லாம் விளங்கியிருக்க வேண்டும். அவரும் தடித்த மூக்குக்கண்ணாடி அணிந்தவர். அதைக் கழற்றி என் முகத்தில் மாட்டினார். முற்றத் தெளியவில்லை, ஆயினும் வரிக்கும் வரிக்கும் இடையே வெள்ளை இருப்பதை முதன்முதலாக நின்ற நிலையிலேயே கண்டேன். ‘உன் தந்தையாரை நாளை என்னை வந்து பார்க்கச் சொல்’ என்றார். அடுத்த திங்களில் மதுரை அரசு மருத்துவமனையில் கண்ணைச் சோதித்துக் கண்ணாடி எழுதித் தந்தார்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு வீடு திரும்பிய அன்று, அப்பத்தா முகத்தில் இத்தனை சுருக்கங்கள் உண்டென்று அறிந்தேன்.

அன்பர்களே, கண் குறை தீர்ந்தது. ஆனால் பாடம் முடியவில்லை.

பிற்காலத்தில் ஓலைச்சுவடிகளைப் பற்றிப் படித்தபோது எனக்கு ஓர் ஆறுதல் கிடைத்தது. மெய்யெழுத்துக்குப் புள்ளி உண்டு என்று தொல்காப்பியம் விதித்திருந்தும், நமக்குக் கிடைத்த சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி இல்லை. எழுத்தாணியின் கூர்முனை ஓலையைத் துளைத்துவிடும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். எகரமும் ஏகாரமும் ஒரே வடிவம். காலும் ரகரமும் ஒரே வடிவம். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி கிடையாது. ஏகார ஓகாரங்களை வரிவடிவில் வேறுபடுத்திக் காட்டிய பெருமை 18ஆம் நூற்றாண்டின் வீரமாமுனிவரைச் சாரும். நிறுத்தக்குறிகளை உரைநடையில் பரவச் செய்தவர்களுள் 19ஆம் நூற்றாண்டின் ஆறுமுக நாவலர் தலையாயவர். அவர்களுக்கு முன்னர், வாசிப்பவன் புள்ளியைத் தன் அறிவிலிருந்தே இட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. ஆகவே, ‘நானும் ஒரு சுவடி வாசகன்தானே!’ என்று எண்ணி மகிழ்ந்தேன்.

அந்த மகிழ்ச்சி பிழையானது. 1887இல் சீவக சிந்தாமணியை உரையுடன் பதிப்பித்து வெளியிட்ட உ.வே. சாமிநாதையர், புள்ளியில்லாத ஏட்டைக் கண்டு மனம்போனபடி புள்ளியிட்டவர் அல்லர். ஊர் ஊராகச் சென்று வேறு வேறு ஏடுகளைத் தேடி, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, ஐயம் நீங்காத இடத்தில் காத்திருந்தவர். தெரியாத புள்ளியைத் தேடிச் செல்வது ஒருவகை. தெரியாமலே தெரிந்ததாக முழங்குவது வேறுவகை. நான் இரண்டாம் வகையினன் என்பது 2019இல், வட்டத்தின் நான்காம் ஆண்டில், மெய்ப்பட்டது.

அன்றைய கூட்டத்தில் இளங்கவிஞர் ஒருவரின் முதல் தொகுப்பு மதிப்பீட்டுக்கு வந்ததை உங்களில் பலர் நினைவில் வைத்திருப்பீர்கள். பேச வேண்டியவர் வர இயலாமையால் என்னைப் பேசச் சொன்னார்கள். நூல் ஒரு மாதமாக என் பையில் இருந்தது. நான் பிரித்துப் பார்க்கவில்லை. முதல்நாள் மாலை நண்பர் ஒருவர் தொலைபேசியில் அதிலுள்ள ஒரு கவிதையின் பொருளைச் சொல்லியிருந்தார். வெளியூர் சென்ற மகன், தான் எழுதிய கடிதங்களுள் ஒன்றையேனும் படிக்காத தாயைக் குறைகூறும் கவிதை என்றார். அதை மட்டும் பற்றிக்கொண்டு, ‘பெற்றவளைப் பழிப்பது கவிதையாகாது’ என்று குரலை உயர்த்தி முழங்கினேன். கைதட்டல் எழுந்தது. கடைசி வரிசையில் அமர்ந்திருந்த கவிஞர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த மாதம் முதல் அவர் வரவுமில்லை.

2020இல் ஊரடங்கு வந்து எல்லாரும் வீட்டுக்குள் இருந்தபோது அந்நூலை எடுத்தேன். அக்கவிதையைப் படித்தேன். நண்பர் சொன்னது பிழையன்று. ஆனால் இறுதி வரியை அவர் சொல்லவில்லை. தாய்க்கு எழுத்தறிவு இல்லை என்பதும், பிரிக்காத கடிதங்கள் அத்தனையையும் அவள் அரிசிப் பானைக்குள் காத்து வைத்திருந்தாள் என்பதும் அந்த ஒரு வரியில் இருந்தன. மகனின் குறைகூறல் முழுவதும் அவ்வரியில் அவன்மீதே திரும்புகிறது. எழுதத் தெரிந்த அவன், எழுத்தறியாத் தாயை அத்தனை ஆண்டுகள் நேரில் சென்று பார்க்கவில்லை. எனக்கு அப்பத்தாவின் நினைவு வந்தது. புலவரின் குரலும் கேட்டது: ‘தம்பி, ஒரு வரியை விட்டுவிட்டாய், தெரியுமா?’

1971இல் எனக்குக் கண் தெரியவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். 2019இல் என் மூக்கின்மீது கண்ணாடி இருந்தது. நூல் பையில் இருந்தது. சிறுவன் செய்தது இயலாமையால்; முதியவன் செய்தது சோம்பலாலும் கைதட்டல் மீது கொண்ட ஆசையாலும். அந்த அவையில் சொன்னதை இந்த அவையில் திரும்பப் பெறுகிறேன். அக்கவிஞரிடம் உங்கள் முன்னிலையில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

நம்மிடையே இது என் ஒருவனின் குறை மட்டுமன்று என்று எண்ணுகிறேன். கவியரங்கில் நம் கவிதைகளை நாமே படிக்கிறோம். பிறர் கவிதைகளைப் பெரும்பாலும் செவிவழியே அறிகிறோம். செவிவழி வந்ததை வைத்து ஒருவரைப் புகழ்கிறோம், ஒருவரை ஒதுக்குகிறோம். எங்கேனும் ஓர் ஒற்று விழுந்திருக்கலாம். ஒரு வரி விடுபட்டிருக்கலாம். வேலைக் கேட்டவனை வேலை கேட்டவனாக்கிவிட்டு, அவனைப் பார்த்து நாம் சிரித்துக்கொண்டிருக்கலாம்.

ஆகவே பதினோராம் ஆண்டுக்கு மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, ஒரு நூலை மதிப்பிடுவோர் அதிலிருந்து ஒரு கவிதையையேனும் நூலைப் பார்த்து முழுமையாக அவையில் வாசித்த பின்னரே கருத்துரைக்க வேண்டும். இரண்டாவது, ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவரின் கவிதையை வேறொருவர் வாசிக்க வேண்டும். தம் சொற்கள் பிறர் வாயில் என்ன ஆகின்றன என்பதைக் கவிஞர் அமர்ந்து கேட்க வேண்டும். மூன்றாவது, நாம் பள்ளிப் பிள்ளைகளுக்கு நடத்தும் வாசிப்புப் போட்டியில் நூலைக் கையில் எடுத்துப் படிக்க உரிமை வேண்டும். ஏதேனும் ஒரு பிள்ளை அதை மூக்கருகே கொண்டு சென்றால், மதிப்பெண் இடுவதற்கு முன் அப்பிள்ளையின் கண்ணைக் கவனியுங்கள்.

அக்கவிஞருக்குச் சென்ற மாதம் கடிதம் எழுதினேன். ‘படித்தமைக்கு நன்றி. அவையிலும் படிக்கலாம்’ என்று பதில் வந்தது. அவர் இன்று வரவில்லை. நூல் என் கையில் இருக்கிறது. அவர் இசைவுடன், அக்கவிதையை இப்போது முதல் வரியிலிருந்து இறுதி வரி வரை வாசித்து, என் உரையை நிறைவு செய்கிறேன்.

(இதன்பின் கவிதை வாசிக்கப்பெற்றது.)