கேள்வி கொடுத்தது கம்பெனி, பதில் இருந்தது மோட்டார் ரூமில்

போன வாரம் ஒரு காலேஜ் தம்பி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தான். "அண்ணா, எங்க காலேஜுக்கு ஒரு வெளிநாட்டு கம்பெனி அவங்களோட நிஜமான பிசினஸ் பிரச்சினை ஒன்னைக் கொடுத்திருக்காங்க. டீமா சேர்ந்து ஒரு செமஸ்டர்ல தீர்வு சொல்லணும். சேரலாமா? ரெஸ்யூமேல போட்டா வெயிட்டா இருக்குமா?"

சேருடா தம்பி, யோசிக்காதே. ஆனா அந்த வெயிட் எங்கே இருக்குன்னு சொல்ல என்கிட்ட ஒரு கதை இருக்கு. அதில் நான் ஹீரோ இல்லை, முன்னாடியே சொல்லிடறேன்.

இந்த மாதிரி ப்ராஜெக்ட் ஒன்னும் புதுசு இல்லை. ஸ்டான்ஃபோர்டில் எம்இ310 என்று ஒரு டிசைன் கோர்ஸ் 1967இல் இருந்து நடக்கிறது. கம்பெனி பிரச்சினையைக் கொடுக்கும். ஸ்டான்ஃபோர்ட் மாணவர்களும் வேறு நாட்டுப் பல்கலைக்கழக மாணவர்களும் ஒரே டீமாக ஒரு கல்வியாண்டு முழுக்க அதில் வேலை செய்வார்கள். மிஷிகன் பல்கலைக்கழகத்தின் ராஸ் பிசினஸ் ஸ்கூலில் 1992இல் இருந்து எம்பிஏ முதல் வருட மாணவர்களை இப்படி நிஜக் கம்பெனிகளின் வேலைக்கு அனுப்புகிறார்கள். கம்பெனிக்கும் இதில் லாபம்தான். பெரிய கன்சல்டன்சிக்குக் கொடுக்கிற காசு இல்லாமலே ஒரு ஆய்வு கிடைக்கும், நாளைக்கு வேலைக்கு எடுக்க ஆட்களையும் பார்த்து வைக்கலாம்.

சரி, நம்ம கதைக்கு வருவோம். கோயம்புத்தூர் பக்கம் ஒரு காலேஜில் நான் ஃபைனல் இயர். நாங்கள் நாலு பேர், ஜெர்மனியில் நாலு மாணவர்கள். ப்ராஜெக்ட் கொடுத்தது ஒரு ஜெர்மன் கம்பெனி. விவசாய பம்புசெட்டுக்கு ஒரு ஸ்மார்ட் கன்ட்ரோலர் செய்திருந்தார்கள். மண்ணில் ஈரம் எவ்வளவு என்று பார்த்து, தேவையான நேரம் மட்டும் மோட்டாரை ஓடவிடும். அவர்கள் கேட்ட கேள்வி: "தமிழ்நாட்டில் இதை என்ன விலைக்கு, எப்படி விற்கலாம்?"

வேலையைப் பிரித்தோம். அந்தப் பக்கத்து டீம் எக்செல்லில் பின்னி எடுத்தார்கள். ஒரு யூனிட் கரன்ட் இவ்வளவு, மாதம் இத்தனை யூனிட் மிச்சம், ஒன்றரை வருடத்தில் போட்ட காசு திரும்ப வந்துவிடும். பார்க்கவே அழகாக இருந்தது. நானும் "சூப்பர்" என்று ரிப்ளை போட்டேன்.

எங்கள் டீமில் உடுமலைப்பேட்டை பக்கத்துப் பொண்ணு ஒருத்தி இருந்தாள். பேர் சொல்ல வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். அவள் கேட்டது ஒரே கேள்விதான்: "டேய், எங்கப்பாவுக்கு கரன்ட் பில்லே வராதே, எதை மிச்சம் பண்ணுவாரு?"

எனக்குச் சுருக்கென்று இருந்தது. தமிழ்நாட்டில் 1990இல் இருந்து விவசாய மின்சாரம் இலவசம். இது எனக்குத் தெரியாத விஷயமா? தெரியும். ஆனால் எக்செல் ஷீட்டைப் பார்த்ததும் மறந்துபோச்சு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் ஊருக்குப் போனோம். தென்னந்தோப்பு ஓரத்தில் ஒரு மோட்டார் ரூம். அவளுடைய பெரியப்பா சிரித்துக்கொண்டே சொன்னார், "கரன்ட்டு சும்மாதான் கண்ணு வருது. அது எப்ப வரும், எப்ப போகும்னுதான் எங்களுக்குப் பிரச்சினை." மும்முனை மின்சாரம் வருகிற நேரத்துக்குத்தான் மோட்டார் ஓட்ட முடியும். அது நடுராத்திரி என்றாலும் எழுந்து போகணும், பாம்பு பூச்சிக்கு நடுவில். அதற்காக அவர் ஏற்கெனவே உள்ளூர்க் கடையில் மொபைல் ஸ்டார்ட்டர் வாங்கி மாட்டியிருந்தார். போன் போட்டால் மோட்டார் ஓடும்.

அவருடைய நிஜமான பயம் வேறு. வோல்டேஜ் குறைந்தால் மோட்டார் காயில் கருகிவிடும். ரீவைண்டிங் செலவு ஒரு பக்கம், அது முடிகிற வரைக்கும் பயிர் காய்வது இன்னொரு பக்கம். கடைசியாக ஒன்று கேட்டார்: "உங்க பொட்டி ரிப்பேரானா யாரு கண்ணு வருவாங்க? ஜெர்மனிக்காரனா?"

அந்த ஊரில் பதினோரு பேரிடம் பேசினோம். எல்லோரும் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னார்கள்.

இப்போ நான் வெட்கப்படுகிற பகுதி. டீம் லீடர் நான். எங்களை வழிநடத்திய பேராசிரியர், "நெகட்டிவா முடிக்காதீங்கப்பா, கம்பெனிக்காரங்க சந்தோஷமா போனாதான் அடுத்த வருஷமும் வருவாங்க" என்றார். எனக்கும் அந்தக் கம்பெனியில் வேலை கிடைக்கும் என்று ஒரு ஆசை. மோட்டார் ரூம் கதையை எடுத்து, நன்றி ஸ்லைடுக்கும் பின்னால் ஒளித்துவைத்தேன். எக்செல் முன்னால் வந்தது. அவள் என்னிடம் சண்டை போடவில்லை. "எங்கப்பா காசு போட்டு இதை வாங்குவாரா? நீயே சொல்லு" என்றாள். நான் பதில் சொல்லவில்லை.

ஃபைனல் பிரசன்டேஷன், வீடியோ காலில். பாதி தாண்டியதும் கம்பெனி மேனேஜர் நிறுத்தினார். "இந்தக் கரன்ட் பில்லை யார் கட்டுகிறார்கள்?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேள்வி. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. ஜெர்மன் டீமும் அமைதி. அப்போது அவள் அன்மியூட் பண்ணினாள். "விவசாயி கட்டுவதில்லை சார், அரசாங்கம் கட்டுகிறது. அதனால் இந்தக் கணக்கு இங்கே செல்லாது. மோட்டார் கருகாமல் காப்பாற்றுவதாகச் சொன்னால் கேட்பார்கள். அதுவும் பக்கத்து டவுனில் ரிப்பேர் பார்க்க ஆள் இருந்தால்தான்." தடுமாற்றமான இங்கிலீஷ்தான், ஆனால் எல்லோருக்கும் புரிந்தது.

மார்க் சுமார்தான். வேலையும் யாருக்கும் கிடைக்கவில்லை. ஆனால் ஒரு வாரம் கழித்து மேனேஜரிடம் இருந்து மெயில் வந்தது. எங்கள் பிபிடியை அவர் கேட்கவில்லை. அந்தப் பதினோரு பேர் பேசிய பதிவும், மோட்டார் ரூம் போட்டோக்களும் கிடைக்குமா என்று கேட்டிருந்தார்.

வேலைக்கு வந்த பிறகு எம்ப்ரேஸ் கதையைப் படித்தேன். 2007இல் ஸ்டான்ஃபோர்டில் இன்னொரு கோர்ஸ். குறைமாதக் குழந்தைகளுக்கு விலை குறைந்த இன்குபேட்டர் செய்யணும் என்பது மாணவர்களுக்குக் கொடுத்த வேலை. டீமில் ஒருவரான லினஸ் லியாங் நேபாளத்துக்குப் போய்ப் பார்த்தால், ஆஸ்பத்திரியில் இன்குபேட்டர்கள் காலியாகக் கிடக்கின்றன. தேவைப்படும் குழந்தைகள் பிறப்பதோ தூரத்துக் கிராமங்களில். கேள்வியையே மாற்றினார்கள். தொடர்ந்து கரன்ட் இல்லாமல் சில மணி நேரம் 37 டிகிரி சூட்டைப் பிடித்துவைக்கிற, குட்டித் தூக்கப்பை மாதிரி ஒரு பொருள் வந்தது. அவர்கள் நேபாளம் போகாமல் இருந்திருந்தால்? விலை குறைந்த இன்குபேட்டர் ஒன்று வந்திருக்கும், அதுவும் காலியாகவே கிடந்திருக்கும்.

அதனால் தம்பி, கம்பெனி கொடுக்கிற கேள்வி தப்பாகக்கூட இருக்கலாம். அவர்களுக்கு இங்கே நடப்பது தெரியாது, அதனால்தான் உன்னிடம் கேட்கிறார்கள். முதல் வாரமே அந்தப் பொருளைப் பயன்படுத்தப்போகிற ஆளைப் போய்ப் பார். காசு யார் கையில் இருந்து போகும் என்று கேள். நீங்கள் கண்டுபிடிப்பது யாருக்குச் சொந்தம் என்று கையெழுத்துப் போடும் முன்னால் பேப்பரைப் படி. பார்த்த உண்மை கசப்பாக இருந்தால் அதை முதல் ஸ்லைடில் வை.

என் ரெஸ்யூமேயில் இன்னைக்கும் "டீம் லீடர்" என்று இருக்கு. அந்த இன்டர்வியூ கேள்வி வரும்போதெல்லாம் நான் அவள் கதையைத்தான் சொல்கிறேன்.

உங்கள் காலேஜ் ப்ராஜெக்டில் இப்படி ஏதாவது நடந்திருக்கா? வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த வாரம் பார்ப்போம், டாட்டா!