மின்னிசை ஏறிய நாட்டுப்பாட்டும் பாடியவர் பங்கும்

 

நாட்டுப்பாட்டும் மின்னணு இசையும் கலக்கும் இடத்தைப் பற்றிப் பேசும் இந்தக் கருத்தரங்குக்குத் தஞ்சையைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. 1912-இல் ஆபிரகாம் பண்டிதர் தம் கைக்காசைப் போட்டு இசை மாநாடு கூட்டியது இந்த ஊரில்தான். மூலிகை மருந்து விற்றுச் சேர்த்த பணத்தில் வித்துவான்களை வரவழைத்து, சுருதி எத்தனை என்று வாதாட வைத்தார். 1917-இல் அவருடைய 'கருணாமிர்த சாகரம்' அச்சேறியது. அவருடைய வழக்கு ராகத்தையும் சுருதியையும் பற்றியது. நம்முடைய வழக்கு வரப்போரத்திலும் ஒப்பாரிப் பந்தலிலும் பிறந்த பாட்டைப் பற்றியது.

வெளியூர்க் கருவியைக் கண்டு இந்த ஊர் என்றைக்கும் மிரண்டதில்லை. வயலின் மேல்நாட்டுச் சரக்கு. தஞ்சை நால்வரில் இளையவரான வடிவேலு அதைக் கைவசப்படுத்தினார். திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் அவருக்குத் தந்தத்தால் ஆன வயலினைப் பரிசளித்தார். சரபோசி மன்னரின் அரண்மனையில் ஆங்கிலேயர் பாணி பேண்டு வாத்தியம் ஒலித்தது. சதிர்க் கச்சேரியில் கிளாரினெட் ஏறியது. நம் காலத்தில் உ. ஸ்ரீநிவாஸ் மின் மாண்டலினை மடியில் வைத்துக்கொண்டு தோடி வாசித்தார். முதலில் முணுமுணுப்பு இருந்தது, பிறகு அடங்கிவிட்டது. இன்று பல கச்சேரி மேடைகளில் தம்புராவின் இடத்தில் ஒரு சின்ன மின்பெட்டி சுருதி கூட்டுகிறது. அதனால் மரபு செத்துவிட்டதா என்று எந்த வித்துவானிடமும் யாரும் கேட்பதில்லை.

அந்தக் கேள்வி நாட்டுப்புறப் பாடகரிடம் மட்டும் தவறாமல் கேட்கப்படுகிறது. கீபோர்டு வைத்துப் பாடினால் மண்வாசம் போய்விடாதா என்கிறோம். அவர் மட்டும் மாறாமல் இருக்க வேண்டும், நாம் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும்! இந்த ஓரவஞ்சனையை முதல் அமர்விலேயே கழற்றி வைத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நடவுப் பாட்டை எடுத்துக்கொள்வோம். பெண்கள் வரிசையாகக் குனிந்து, பின்னோக்கி நகர்ந்தபடி நாற்றை ஊன்றுகிறார்கள். ஒருத்தி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடுகிறார்கள். தாளம் கையில் இருக்கிறது. பாட்டின் நீளத்தை முடிவு செய்வது வயலுடைய நீளம். வரப்பு வரும்வரை பாட்டு முடியாது. அடி தீர்ந்துபோனால் எடுத்துக் கொடுப்பவள் அங்கேயே கட்டிப் பாடுவாள். கங்காணியைக் கிண்டல் செய்வாள், பண்ணையாரைப் பெயர் சொல்லாமல் குத்துவாள், கேட்டு நிற்பவர் முகத்தைப் பார்த்து அடுத்த அடியை மாற்றுவாள்.

இந்தப் பாட்டை நிறுத்தியது சிந்தசைசர் இல்லை. நடவு எந்திரமும் நேரடி விதைப்பும் ஆற்றில் வராத தண்ணீரும்தான் நிறுத்தின. குறுவை பொய்த்த ஆண்டில் நடவு இல்லை. நடவு இல்லாதபோது நடவுப் பாட்டு ஏது? வயலில் இடம் போன பிறகு அந்தக் குரல் போய்ச் சேர்ந்த இடங்கள் கோயில் திருவிழா மேடை, கட்சி மேடை, கேசட், சினிமா, இப்போது கைபேசி. வேதாரண்யம் பக்கத்துப் புஷ்பவனத்திலிருந்து போன குப்புசாமி, இசையில் முனைவர் பட்டம் வரை படித்துவிட்டு, தம் மனைவி அனிதாவோடு சேர்ந்து நாட்டுப்பாட்டைக் கேசட்டிலும் தொலைக்காட்சியிலும் பரப்பினார். தஞ்சை செல்வியின் குரல் 2010-இல் 'ஈசன்' படத்தின் வழியே ஊரெல்லாம் கேட்டது. கீழத்தஞ்சையின் பாட்டு மின்கருவியோடு கைகோத்து ஒரு தலைமுறை ஆகிவிட்டது.

இந்தப் பயணத்தை ஒருவர் வாழ்வில் முழுமையாகப் பார்க்க வேண்டுமென்றால் சின்னப்பொண்ணு அவர்களைப் பார்க்கலாம். சிவகங்கைச் சீமையில் சூராணத்தில் பிறந்தவர், தஞ்சையில் குடியிருப்பவர். சிறுவயதிலேயே கோயில் விழாக்களிலும் தேவாலய நிகழ்ச்சிகளிலும் பாடத் தொடங்கினார். நாட்டுப்புற இசையை ஆய்வாகவும் போராட்டமாகவும் எடுத்துக்கொண்ட கே.ஏ. குணசேகரனின் மேடைகள் அவரை வளர்த்தன. 2008-இல் 'காதலில் விழுந்தேன்' படத்துக்காக விஜய் ஆண்டனி இசையில் அவர் பாடிய 'நாக்க முக்க' வந்தது. தமிழ் தெரியாத ஊர்களிலும் அதற்கு ஆடினார்கள். 2010-இல் செம்மொழி மாநாட்டுப் பாடலில் ஏ.ஆர். ரகுமான் சேர்த்த குரல்களில் அவருடையதும் ஒன்று. 2011-இல் கோக் ஸ்டுடியோ மேடையில் கைலாஷ் கெருடன் பாடினார். 2021-இல் பிக் பாஸ் வீட்டுக்குள்ளும் போய் வந்தார்.

'நாக்க முக்க'வின் அடியில் ஓடுவது எந்திரத் தாளம். அதன்மேல் ஏறும் குரல், ஒலிபெருக்கி இல்லாத திறந்தவெளியில் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பழகிய குரல். எந்திரம் அந்தக் குரலை அமுக்கவில்லை. மாறியது வேறு ஒன்று. மேடையில் பாடகி மூச்சு வாங்கிய பிறகுதான் தவில்காரர் அடுத்த அடிக்குப் போவார். கடைசி எழுத்தை அவர் எவ்வளவு இழுத்தாலும் பம்பை காத்திருக்கும். ஒலிப்பதிவுக் கூடத்தில் காதில் மாட்டிய ஹெட்போனில் தாளம் காட்டும் கிளிக் ஒலி ஓடிக்கொண்டே இருக்கும். அது யாருக்காகவும் காத்திராது. நாலு நிமிடத்தில் பாட்டு முடிய வேண்டும். எடுத்துக் கொடுப்பவரும் வாங்கிப் பாடுபவரும் வேறு வேறு நாளில் வந்து பாடிவிட்டுப் போகலாம். இழப்பு என்று ஒன்று உண்டென்றால் அது இங்கேதான்: நேரத்தின் மேல் பாடகருக்கு இருந்த அதிகாரம் கைமாறுகிறது.

தப்பு மேளத்திலும் இதே கதைதான். வைக்கோல் தீமூட்டிக் காய்ச்சி, தட்டிப் பார்த்து, பதம் வந்த பிறகே தோளில் மாட்டுவார்கள். பனியில் தோல் தளர்ந்தால் மறுபடி தீ. வலக்கையில் அடிக்குச்சி, இடக்கையில் சிண்டுக்குச்சி. ஒரு அடி போல இன்னொரு அடி விழாது. கணினியில் அந்த அடியில் ஒன்றை மட்டும் பிடித்து வைத்து ஆயிரம் முறை ஒலிக்க விடுகிறோம். அடித்தவர் யார், எந்த ஊர், என்ன கொடுத்தோம் என்பது கோப்பின் பெயரில்கூட இருப்பதில்லை.

நல்ல முன்மாதிரியும் நம் டெல்டாவிலேயே இருக்கிறது. 2004 டிசம்பர் 26-இல் கடல் நாகப்பட்டினத்தை அடித்துப்போட்டது. அதன்பின் சென்னையிலிருந்து இயங்கிய எர்த்சிங்க் நிறுவனம், ஆழிப்பேரலை தாக்கிய ஆறு நாடுகளின் கரையோர மக்களிடம் போய், அவர்கள் ஊரிலேயே பாட்டைப் பதிந்தது. பிறகு அதன்மேல் மின்னிசை சேர்த்து 'லயா புராஜெக்ட்' என்று வெளியிட்டது. அதில் நாகூர் தர்காப் பாடகர்களின் குரல் இருக்கிறது. தொடர்ந்து 'நாகூர் செஷன்ஸ்' தொகுப்பும் வந்தது. இங்கே எந்திரம் பாடகரைத் தேடி ஊருக்கு வந்தது; பாட்டு முதலில், அலங்காரம் பிறகு. வேலை நடந்த இந்த வரிசைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

கடல் தாண்டியும் ஒரு பார்வை. உக்ரைனில் நாத்தா ஷிஷ்சென்கோ என்ற பாடகி 2013-இல் 'ஓனுகா' குழுவைத் தொடங்கினார். நாட்டுப்புற இசைக்கருவிகள் செய்வதில் பேர்பெற்ற கைவினைஞர் ஒலெக்சாந்தர் ஷ்லியோன்சிக் அவருடைய தாத்தா. தாத்தாவிடம் சிறுமியாகக் கற்ற சொபில்கா என்னும் குழலையும், நரம்புக் கருவியான பந்துராவையும் சிந்தசைசரோடு சேர்த்ததுதான் அவருடைய இசை. அவர் தந்தை செர்னோபில் அணு உலை விபத்துக்குப் பின் அங்கே பணிக்குப் போனவர். அந்த நினைவும் பாட்டில் வருகிறது. 2017-இல் கீவ் நகரில் நடந்த யூரோவிஷன் பாட்டுப் போட்டியின் இறுதிச்சுற்றில், போட்டிப் பாடல்கள் முடிந்த இடைவேளையில், அந்நாட்டின் தேசிய நாட்டுப்புறக் கருவி இசைக்குழுவோடு மேடையேறினார். 2021-இல் 'கோ-ஏ' என்ற இன்னொரு உக்ரைன் குழு, வசந்தகாலச் சடங்குப் பாட்டை நடன இசையாக்கி அதே போட்டியில் ஐந்தாம் இடம் பெற்றது.

அங்கே கருவி செய்த தாத்தாவின் பெயர் பேத்தியின் கதையோடு சேர்ந்தே சொல்லப்படுகிறது. நாட்டுப்புறக் கருவிகளுக்கென்றே அரசின் இசைக்குழு இருக்கிறது; மின்னிசைக்காரர் அதோடு சரிசமமாக உட்கார்ந்து வாசிக்கிறார். நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தைக் கடைந்து நாகசுரம் செய்பவர் பெயர் நம் எத்தனை இசைத்தட்டுகளில் இருக்கிறது?

பெயர் என்பது வெறும் மரியாதை விஷயம் இல்லை. 2021 மார்ச்சில் வெளிவந்த 'என்ஜாய் எஞ்சாமி' ஒப்பாரியின் சாயலையும் இன்றைய தாளத்தையும் சேர்த்து உலகம் சுற்றியது. ராப் பாடகர் அறிவு எழுதி, பாடகி தீயோடு சேர்ந்து பாடினார். சந்தோஷ் நாராயணன் இசை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தம் பாட்டி வள்ளியம்மாவை அறிவு அதில் நினைவுகூர்ந்தார். சில மாதங்களில் ஒரு இதழின் அட்டையில் அறிவின் படம் இல்லை என்ற சர்ச்சை. 2022 சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவர் இல்லாமலேயே பாட்டு அரங்கேறியபோது மறுபடி சர்ச்சை. 2024-இல், அந்தப் பாட்டால் தங்களுக்கு ஒரு காசும் வரவில்லை என்று சந்தோஷ் நாராயணனே வெளிப்படையாகச் சொன்னார். யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பு எழுத நான் வரவில்லை. புகழ்பெற்றவர்களுக்கே கணக்கு இப்படிச் சிக்கலாகிறது என்றால், திருவாரூர்ப் பக்கத்துக் கிராமத்தில் ஒரு மத்தியான நேரம் கைபேசியில் பாடிக் கொடுத்த பாட்டிக்கு என்ன மிஞ்சும்?

இந்த மண்ணில் பாட்டையும் கூலியையும் பிரித்துப் பேச முடியாது. நடவுப் பாட்டுப் பாடியவர்கள்தாம் கூலி உயர்வு கேட்டார்கள். 1968-இல் கீழ்வெண்மணியில் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரிக்கப்பட்டது அந்தக் கோரிக்கையின் தொடர்ச்சியில்தான். அவர்களுடைய பாட்டை எடுத்துக்கொண்டு, கூலிக் கேள்வியை வயலிலேயே விட்டுவிட்டு வருவது ஆராய்ச்சி ஆகாது.

சட்டம் நமக்குத் துணையாக இருக்கிறது. பதிப்புரிமைச் சட்டம் பாடுபவருக்கு, நிகழ்த்துநர் என்ற முறையில், 50 ஆண்டு உரிமை தருகிறது. 2012 திருத்தம், வணிகப் பயன்பாட்டில் அவருக்கு உரிமத்தொகையும், தம் பெயர் சொல்லப்படும் உரிமையும் உண்டு என்று உறுதி செய்தது. ஆனால் இசைத்தட்டில் 'மரபுப் பாடல்' என்று ஒரு வரி போட்டால் போதும், பாடிக் கொடுத்தவர் காணாமல் போகிறார். பாட்டுக்கு ஆசிரியர் தெரியாமல் இருக்கலாம். பாடியவர் கண்முன்னே நிற்கிறார்.

ஆகவே இந்தக் கருத்தரங்கிடம் மூன்று வேண்டுகோள். முதலாவது, இங்கே ஒலிக்கப்போகும் ஒவ்வொரு பதிவுக்கும் பாடியவர், வாசித்தவர், கருவி செய்தவர், ஊர், நாள் ஆகியவற்றைச் சொல்லிவிட்டே ஒலிக்க விடுங்கள். இரண்டாவது, பல்கலைக்கழகங்களிலும் வீடுகளிலும் தூங்கும் பழைய ஒலிநாடாக்களை மின்வடிவாக்கும்போது, ஒரு படி பாடியவர் குடும்பத்துக்குப் போகட்டும். அதை வெட்டிப் புதுப்பாட்டில் சேர்க்க விரும்பும் இசையமைப்பாளர் அந்தக் குடும்பத்தைக் கேட்டு, எழுதிக் கொடுத்து, பணம் கொடுத்து எடுக்கட்டும். மூன்றாவது, தாளம் கட்டும் இளைஞர்களே, ஒருமுறையாவது கிளிக்கை நிறுத்திவிட்டுப் பாடகரை முதலில் பாடவிடுங்கள். உங்கள் எந்திரம் அவர் மூச்சைப் பின்தொடரட்டும். இன்றைய மென்பொருளில் அதற்கு வழி இருக்கிறது.

மின்னிசையால் நாட்டுப்பாட்டு கெடாது. பாடியவரைக் கணக்கில் எடுக்காததால்தான் கெடும். இதுவே என் தீர்மானமான கருத்து. மறுப்பவர்கள் அமர்வுகளில் தாராளமாக மறுக்கலாம்; வாதாடுவது இந்த ஊருக்குப் பழக்கம்தான். கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன். முதல் அமர்வில் கட்டுரைக்கு முன்பாகக் கலைஞர்கள் பாடட்டும், நேரக் கட்டுப்பாடு அவர்களுக்கு வேண்டாம் என்று அமைப்பாளர்களைக் கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.