அரிய வாத்தைக் கண்டால் எப்படிப் பதிவது?

(திண்டிவனத்தில் நடந்த ஆசிரியர் பயிற்சியில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் விழுப்புரம் மாவட்டத்தின் வானூர், மரக்காணம் வட்டங்களில் பரந்து கிடக்கும் கழுவெளி, 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் இடம்பெற்றது. கழுவெளி தொலைவாக இருந்தாலும், பள்ளிக்குப் பக்கத்தில் ஓர் ஏரியாவது இருக்கும். மழைக்குப் பின் அங்கும் வாத்துகள் இறங்கும். ஒருநாள் ஒரு மாணவி ஓடி வந்து, "சார், இதுவரைக்கும் பார்க்காத வாத்து ஒண்ணு வந்திருக்கு" என்று சொன்னால் நாம் என்ன செய்ய வேண்டும்? அதைப் பற்றித்தான் பேச வந்தேன்.

இரண்டு வாத்துகளின் கதையைக் கேளுங்கள். 2021 பிப்ரவரியில், அசாமின் தின்சுகியா மாவட்டத்திலுள்ள மாகுரி ஏரிக்கு ஒரு மாண்டரின் வாத்து வந்தது. அப்பகுதியில் அது ஒரு நூற்றாண்டுக்கு மேல் பதிவாகாத பறவை. தெளிவான ஒளிப்படங்கள் இருந்ததால், எந்த இனம் என்பதில் யாருக்கும் ஐயம் எழவில்லை.

மற்றொன்று இளஞ்சிவப்புத் தலை வாத்து. இந்தியாவில் அதற்கு ஐயமற்ற கடைசிப் பதிவு, 1935இல் பீகாரின் தர்பங்காவில் கிடைத்தது என்பார்கள். அதன்பின் "பார்த்தேன்" என்றவர்கள் உண்டு. சான்று இல்லாததால் அவை ஏற்கப்படவில்லை. சிவந்த தலையுடைய வேறொரு வாத்து குளிர்காலத்தில் இந்தியாவுக்கு வருகிறது. அதில் ஆணின் அலகு நல்ல சிவப்பு, மார்பு கறுப்பு, விலா வெள்ளை. தலையை மட்டும் பார்த்தவர் ஏமாறலாம். விலாவையும் பார்த்து எழுதியிருந்தால் குழப்பமே வராது. ஓர் இனம் பிழைத்திருக்கிறதா, அழிந்துவிட்டதா என்ற கேள்வியே இப்படி ஒரு குறிப்பில் தொங்கி நிற்கிறது.

ஆகவே மாணவர்களுக்கு ஒரு விதி சொல்வோம்: முதலில் எழுது, பிறகு புத்தகத்தைத் திற. படத்தைப் பார்த்துவிட்டால், காணாததையும் கண்டதாக மனம் சொல்லும்.

எழுத வேண்டியவை: நாள், நேரம், இடம், வெயில் எந்தப் பக்கம், தோராயமான தொலைவு, எத்தனை பறவைகள். அடுத்து, உடனிருந்த வாத்தைவிடப் பெரிதா, சிறிதா? அலகு, தலை, மார்பு, விலா, வால் என்ன நிறம்? பறக்கும்போது சிறகில் பட்டை தெரிந்ததா? பார்க்க முடியாததை "பார்க்கவில்லை" என்றே எழுதட்டும். கோட்டுப்படம் கோணலாக இருந்தாலும் போதும். இருவர் பார்த்திருந்தால், பேசிக்கொள்ளாமல் தனித்தனியே எழுத வேண்டும். கைப்பேசியில் மங்கலான படம் கிடைத்தாலும் அழிக்கக் கூடாது. ஆனால் படத்துக்காகப் பறவையை விரட்டவும் கூடாது.

பிறகு இரண்டு கேள்விகள். வழக்கமான வாத்து எதுவும் இப்படித் தோன்றுமா? வடக்கிலிருந்து வரும் ஆண் வாத்துகள் பல, வந்த புதிதில் பெட்டையைப் போல மங்கிய நிறத்தில் இருக்கும். இது வளர்ப்பிடத்திலிருந்து தப்பியதா? மாண்டரின் போன்ற அழகு வாத்துகளை வளர்ப்பவர்கள் உண்டு.

இதற்கெல்லாம் அடிப்படை, வழக்கமானவற்றை நன்றாக அறிந்திருப்பது. கறுத்த அலகின் நுனி மட்டும் மஞ்சளாக இருக்கும் புள்ளிமூக்கு வாத்து, நீண்ட வாலுள்ள ஊசிவால் வாத்து, அகன்ற அலகுள்ள தட்டைவாயன், கண்மேல் வெள்ளைப் பட்டையுள்ள ஆண் நீலச்சிறகி ஆகிய நான்கையும் மாணவர்கள் ஐயமின்றிச் சொல்லட்டும். ஐந்தாவது வந்தால் அவர்களுக்கே தெரிந்துவிடும்.

ஆண்டுதோறும் சனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. பதினைந்து நிமிடம் ஏரிக்கரையில் நின்று எண்ணி, இ-பேர்ட் தளத்தில் பதிவிடலாம். அரிய பறவை என்றால் தளத்தின் சரிபார்ப்பாளர் விவரம் கேட்பார். அதை அவமதிப்பாகக் கொள்ளாமல், குறிப்பேட்டைத் திறந்து பதில் சொல்லும் பிள்ளை, அறிவியல் மனப்பான்மையைக் கற்றுக்கொண்டது என்று பொருள்.

அரிய வாத்து நம் ஏரிக்கு வராமலே போகலாம். கண்டதைக் கண்டபடி எழுதும் பழக்கம் நம் பிள்ளைகளுக்கு வந்துவிட்டால், அதுவே நமக்குப் போதும்.