மழைநீர்க் கால்வாயும் மிதக்கும் தாவரத் தெப்பமும்

(கல்லாற்றில் நடைபெற்ற கட்சி உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



கூட்டம் நடக்கும் இந்தக் கல்லாற்றின் நீர் திருவனந்தபுரம் நகருக்குள் போவதில்லை. பொன்முடி மலையடிவாரத்தின் உருண்டைக் கற்களைத் தழுவி இறங்கி, வாமனபுரம் ஆறாகி, அஞ்சுதெங்குக் காயலைச் சேருகிறது. நகரத்து மழைநீரின் பயணமே வேறு. தம்பானூர் ரயில் நிலையத்தின் அடியில் சுரங்கம்போல் நுழையும் ஆமயிழஞ்சான் தோடு, கண்ணம்மூலை வழியாக ஆக்குளம் காயலுக்குப் போகிறது. பட்டம் தோடும் உள்ளூர் தோடும் சுமந்து வருவதும் அதே காயலுக்குத்தான். அங்கிருந்து வேளிப் பொழிமுகம், பிறகு கடல்.

2024 ஜூலை 13 அன்று அந்த ஆமயிழஞ்சான் தோட்டில், ரயில்வே பகுதியின் குப்பையை அகற்ற இறக்கப்பட்ட தொழிலாளி ஒருவர், மழையில் பெருகிய வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டார். மூன்றாம் நாள், தகரப்பறம்புப் பகுதியில் அவரது உடல் மிதந்தது. அவர் நிரந்தர ஊழியர் அல்லர். ஒப்பந்தக்காரர் கூலிக்கு அழைத்து வந்தவர். உடல் கிடைப்பதற்கு முன்பே, அந்தக் கழிவு யாருடைய பொறுப்பு என்று ரயில்வேக்கும் மாநகராட்சிக்கும் இடையே வாக்குவாதம் மூண்டது. நகரத்து மழைநீரைத் தூய்மை செய்வது பற்றிய எந்தப் பேச்சும் இந்த மரணத்தைத் தாண்டிச் செல்ல முடியாது.

மழைநீர் தானே, அதில் என்ன அழுக்கு என்று கேட்கலாம். முதல் மழை சாலையைக் கழுவுகிறது. எண்ணெய், டயர்த் துகள், கால்நடைச் சாணம், சந்தைக் கழிவு எல்லாம் அந்த முதல் ஓட்டத்தில் வந்துவிடும். நம் நகரங்களில் இதனோடு வீட்டுச் சாக்கடையும் கலக்கிறது. முட்டத்தறையில் நாளொன்றுக்கு 10.7 கோடி லிட்டர் சுத்திகரிக்கும் நிலையம் உண்டு. ஆனால் குழாய் இணைப்பு எட்டாத தெருவின் கழிவு அந்த நிலையத்தைத் தேடிப் போகாது, அருகிலுள்ள தோட்டைத்தான் தேடும். 2015இல் "ஆபரேஷன் அனந்தா" என்ற பெயரில் வடிகால்களின் ஆக்கிரமிப்பும் அடைப்பும் அகற்றப்பட்டன. ஆயினும் 2023 அக்டோபர் மழையில் கண்ணம்மூலையும் தெற்றியாற்றின் கரையும் மீண்டும் மூழ்கின. வடிகாலை அகலப்படுத்தினால் நீர் விரைந்து ஓடும். அதன் அழுக்கு குறையாது.

இந்த இடத்தில்தான் மிதக்கும் தாவரத் தெப்பம் என்ற முறை கவனத்துக்கு வருகிறது. மூங்கிலால் ஒரு சட்டம், மிதப்பதற்கு ஏதேனும் ஒரு பொருள், மேலே சாக்கு, சரளைக் கல். அதில் வெட்டிவேர், கல்வாழை, சம்பு, கோரை ஆகியவற்றை நடுவார்கள். மண் கிடையாது. வேர்கள் நேரே நீரில் தொங்கும். தூய்மை செய்யும் வேலையில் பெரும்பங்கு செடியினுடையது அன்று; வேரின் மீது வழவழப்பாகப் படரும் நுண்ணுயிர்ப் படலத்தினுடையது. அது கரிமக் கழிவைச் சிதைக்கிறது. ஆக்சிஜன் குறைந்த இடத்தில் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றுகிறது. தொங்கும் வேர்வலை வண்டலைத் தடுத்துப் படியச் செய்கிறது. பாஸ்பரஸைச் செடி உண்கிறது. மழைக்காலத்தில் நீர்மட்டம் ஏறினாலும் இறங்கினாலும் தெப்பமும் கூடவே ஏறி இறங்கும்; கரையோரச் சதுப்புச் செடிகளைப்போல மூழ்கி அழுகாது. மழைநீருக்கு இது பொருந்துவதன் காரணம் அதுவே.

ஆகாயத்தாமரையும் நீரிலுள்ள சத்தை உறிஞ்சத்தானே செய்கிறது என்று ஆக்குளத்தைப் பார்த்தவர்கள் கேட்பார்கள். உறிஞ்சுகிறது. ஆனால் நீர்ப்பரப்பு முழுவதையும் மூடி, ஒளியையும் காற்றையும் தடுத்து, மடிந்தபின் அதே நீரில் அழுகுகிறது. தெப்பம் ஓர் எல்லைக்குள் நிற்கிறது. அதை இழுத்து வந்து அறுக்கலாம்.

ஐதராபாத்தின் நெக்னாம்பூர் ஏரியில் 2018 பிப்ரவரி 2, உலக ஈரநில நாளன்று, ஏறத்தாழ 3,000 சதுர அடித் தெப்பம் மிதக்கவிடப்பட்டது. சுமார் 3,500 செடிகள். துருவான்ஷ் என்ற தன்னார்வ அமைப்பு அரசு நிர்வாகத்தின் துணையோடு செய்த வேலை அது. மிதப்புக்குத் தெர்மகோல் பயன்படுத்தினார்கள் என்பது ஒரு நகைமுரண். குப்பையாக வருவதையே தெப்பமாக்கினார்கள் என்றும் சொல்லலாம்.

இதற்கு முன்பே, பெரிய அளவில் உழைப்பாளிகள் நடத்திக் காட்டியது கிழக்குக் கொல்கத்தா ஈரநிலம். ஏறத்தாழ 12,500 எக்டேர். மாநகரின் கழிவுநீரை வெயிலும் பாசியும் மீனும் கொண்டு தூய்மையாக்கி, அதிலிருந்தே நகருக்கு மீனும் காய்கறியும் தந்தவர்கள் அங்குள்ள மீனவர்களும் விவசாயிகளும். 2002இல் அது ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. லண்டன் மக்களின் கழிவு வயலுக்குத் திரும்பாமல் பெருஞ்செலவில் தேம்ஸ் நதியைக் கெடுப்பதை மார்க்ஸ் 'மூலதனம்' மூன்றாம் தொகுதியில் சுட்டிக்காட்டியதைத் தோழர்கள் அறிவார்கள். அந்தக் கேள்விக்கு வங்கத்து உழைப்பாளிகள் தந்த நடைமுறை விடை இது.

ஆனால் தெப்பத்தின் வரம்பை மறைத்துப் பேசுவது மக்களை ஏமாற்றுவதாகும். வெள்ளம் பாயும் தோட்டில் அது நிற்காது. வேருக்கும் நீருக்கும் போதிய நேரம் தொடர்பு வேண்டும். ஆகவே அதன் இடம் தோடு காயலில் சேரும் அமைதியான முகப்புதான். பிளாஸ்டிக்கை அது விழுங்காது. சுத்திகரிக்காத சாக்கடை தொடர்ந்து கொட்டும் இடத்தில் அது தோற்கும். செடியை உரிய காலத்தில் அறுத்துக் கரையேற்றாவிட்டால், உறிஞ்சிய சத்து முழுவதும் அழுகி நீருக்கே திரும்பும். அறுத்ததை மாட்டுக்குப் போடவும் கூடாது. சாலைநீரின் உலோகம் அதில் சேர்ந்திருக்கும்.

இங்கேதான் அரசியல் வருகிறது. பெருநிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியில் தெப்பம் விட்டு, படம் எடுத்து, அடுத்த பருவமழைக்குள் கைவிடுவது எளிது. அறுவடை, வேர் பராமரிப்பு, குப்பைத் தடுப்பு வலையைக் கழுவுதல் ஆகியவை ஆண்டு முழுவதும் நீளும் உழைப்பு. அந்த உழைப்பு மீண்டும் ஒப்பந்தக்காரர் பிடித்து வரும் கூலியாளின் தலையில் விழுந்தால், பச்சைத் தெப்பத்தின் அடியில் பழைய சுரங்கமே இருக்கும். எனவே ஆக்குளம் முகப்பில் தெப்பம் கேட்கும்போதே அதற்கான பணியிடமும் கேட்கப்பட வேண்டும்: உள்ளாட்சியின் நேரடி நியமனம், மாத ஊதியம், படகு, உயிர்காப்பு அங்கி, கையுறை, காப்பீடு. தோட்டைத் தூர்வார இயந்திரம். மனிதர் இறங்கத் தடை. ரயில்வே நிலத்துக்குள் ஓடும் பகுதிக்கும் இதே விதி எழுத்தில் வேண்டும். வீட்டுக் குப்பையை வாசலிலேயே வாங்கும் ஹரித கர்ம சேனைப் பெண்களின் கூலியும் இந்தக் கணக்கில்தான் சேரும். அவர்கள் வாங்காமல் விடும் ஒவ்வொரு பையும் தம்பானூர்ச் சுரங்கத்தின் வாயில்தான் போய் அடைக்கிறது.