நரம்பை அரிக்கும் நோயும் நாம் கேட்கவேண்டிய கேள்வியும்



நோய்க்கிருமிகளை எதிர்த்துச் சண்டை போடுவதற்கென்று நம் தேகத்தில் ஒரு பட்டாளம் உண்டு. அந்தப் பட்டாளமே நம் சொந்த நரம்பைப் பகையென்று கருதித் தாக்க ஆரம்பித்தால் என்ன ஆகும்? மின்சாரக் கம்பிக்கு மேலுறை இருப்பதுபோல, மூளை, தண்டுவட நரம்புகளுக்கு மயலின் என்னும் உறை இருக்கிறது. அது அரிக்கப்பட்டால் கண் மங்கும், கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும். இதற்கு மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் என்று பெயர். 1868-ல் பாரிஸ் நகரத்து டாக்டர் ஷார்கோ இதைத் தனி நோயென்று விவரித்தார்.

இந்நோய்க்கு ஒரு குணமுண்டு. பலருக்கு அது திடீரென்று வரும். சில வாரங்களில் தானாகவே தணியும். பிறகு மறுபடியும் வரும். தணிகிற சமயத்தில் எவன் பக்கத்தில் நிற்கிறானோ அவனுக்கே பெருமை. விபூதி கொடுத்தவன் விபூதியால் என்பான். லேகியம் விற்றவன் லேகியத்தால் என்பான். மறுபடி வந்தாலோ, அது உன் கர்மம் என்று நோயாளியின் தலையிலேயே போட்டுவிடுவான். இதற்கிடையில் போன நரம்பு போனதுதான்.

அப்படியானால் மெய்யான மருந்தைக் கண்டுகொள்வது எப்படி? இஸ்ரேல் நாட்டு வைஸ்மன் விஞ்ஞானக் கழகத்தில் மைக்கேல் சேலா, ரூத் ஆர்னன், ட்வோரா டைட்டல்பாம் ஆகியோர் நான்குவகை அமினோ அமிலங்களைக் கோத்து ஒரு பெப்டைட் சரக்கைச் செய்தார்கள். மயலினிலுள்ள ஒரு புரதத்தைப்போல இதுவும் மிருகங்களுக்கு நோயை உண்டாக்கும் என்று எதிர்பார்த்தார்கள். உண்டாக்கவில்லை, மாறாக, நோயைத் தடுத்தது! நினைத்தது பொய்த்ததே என்று மறைக்காமல், கண்டதை 1971-ல் வெளியிட்டார்கள்.

அதோடு விட்டார்களா? அமெரிக்காவில் 251 நோயாளிகளைக் குலுக்கலாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மருந்தூசியும், மறுபாதிக்கு மருந்தில்லா ஊசியும் போட்டார்கள். எது எவருக்கென்று நோயாளிக்கும் தெரியாது. பரிசோதித்த டாக்டருக்கும் தெரியாது. மருந்து பெற்றவர்களுக்கு இரண்டு வருஷத்தில் நோய் திரும்பத் தாக்குவது 29 சதவிகிதம் குறைந்ததென 1995-ல் வெளியாயிற்று. 1996-ல் அமெரிக்க அரசாங்கம் அனுமதித்தது. கிளாட்டிரமர் என்பது அம்மருந்து.

இவ்வளவுதானா என்பீர்கள். ஆம், இவ்வளவுதான். நோயை அடியோடு போக்காது. ஊசி போட்ட இடம் சிவந்து தடிக்கும். இதைவிட வலுவான மருந்துகள் பின்னால் வந்திருக்கின்றன. அவற்றுக்கும் இதே பரீட்சைதான். குறையையும் சேர்த்துச் சொல்வதே அதன் யோக்கியதை.

இன்று பெப்டைட் என்ற பெயரிலேயே எதையெதையோ விற்பவர்களும் இருக்கிறார்கள். ஆகவே, காவியுடுத்தவனானாலும் சரி, வெள்ளைச்சட்டை போட்டவனானாலும் சரி, "எத்தனை பேருக்குக் கொடுத்தாய்? கொடுக்காதவர்கள் என்ன ஆனார்கள்?" என்று கேளுங்கள். பதில் சொல்லாதவனிடம் காசையும் கொடுக்காதீர்கள், காலத்தையும் கொடுக்காதீர்கள்.