ஆபிரகாம் பண்டிதர்: விடுத்த பணியும் எடுத்த பணியும்



மாதந்தோறும் தவறாது வரும் சம்பளத்தை விடுத்து, மனம் விரும்பிய பணிக்குச் செல்வோரைப் பற்றி உலகம் இருவிதமாகப் பேசும். வென்றால் துணிவு என்னும். தோற்றால் அறிவீனம் என்னும். முடிவை அறிந்தபின் பேசுவது எளிது. முடிவு தெரியாத அந்நாளில் அவர்தம் கையில் என்ன இருந்தது என்பதே ஆராயத்தக்கது. அதற்குத் தஞ்சை ஆபிரகாம் பண்டிதரின் வாழ்க்கை தக்க சான்றாகும்.

பண்டிதர் 1859-இல் தென்காசிப் பக்கத்துச் சாம்பவர் வடகரையில் பிறந்தவர். திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்றார். அங்கேயே பிடிலும் பயின்றார். சுருளி மலைப் பகுதியில் கருணானந்தர் என்னும் துறவியை அடுத்துச் சித்த மருத்துவம் கற்றார். 1883-இல் தஞ்சைக்கு வந்து, லேடி நேப்பியர் பெண்கள் பள்ளியில் ஆசிரியரானார். மனைவியார் ஞானவடிவு பொன்னம்மாளும் அப்பள்ளியிலேயே பணியாற்றினார். பள்ளி வேலையோடு மருத்துவமும் நடந்து வந்தது. ஏழாண்டுகளுக்குப் பின், 1890-இல், இருவருமே ஆசிரியப் பணியை விட்டு விலகினர்.

'இருவருமே' என்பதை இங்கே கருத வேண்டும். ஒருவர் விலகி, மற்றவர் சம்பளத்தில் குடும்பம் நடத்தியிருக்கலாம். உலகியல் அறிந்தோர் அவ்வாறே அறிவுரை கூறியிருப்பர். அந்தப் பிடிமானத்தையும் அவர்கள் வைத்துக்கொள்ளவில்லை. ஆங்கில மருத்துவம் அரசின் துணையோடு வளர்ந்துவந்த காலம் அது. நாட்டு வைத்தியருக்கு மாதச் சம்பளம் ஏது? நோயாளி நாடி வந்தால் வருவாய்; வாராவிடின் இல்லை. எனினும் அவர்கள் வெறுங்கையராய் இறங்கவில்லை. கற்ற தொழில் கையில் இருந்தது. ஏழாண்டுகளில் அம்மருந்தின் பயனை அறிந்த மக்களும் இருந்தனர்.

மருத்துவம் செழித்தது. தஞ்சைக்கு வெளியே நிலம் வாங்கி, மூலிகையும் பிற பயிரும் வளர்த்தார். கருணானந்தபுரம் எனத் தம் ஆசானின் பெயரை அதற்கு இட்டார். மக்கள் அதனைப் பண்டிதர் தோட்டம் என்றனர். இவ்வளவோடு நின்றிருந்தால் அவர் வெற்றி கண்ட வைத்தியர் மட்டுமே. ஆனால் திண்டுக்கல்லில் விரல் பழகிய இசை அவர் உள்ளத்தை விட்டு அகலவில்லை.

1912-இல் தஞ்சையில் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவினார். இசைவாணரையும் ஆராய்ச்சியாளரையும் அழைத்து, தம் செலவிலேயே மாநாடுகள் நடத்தினார். ஒரு தாயியில் சுருதிகள் எத்தனை என்பதே அங்கு எழுந்த பெருவினா. 'சங்கீத ரத்னாகரம்' கூறும் இருபத்திரண்டு என்னும் கணக்கை மறுத்து, சிலப்பதிகாரத்தையும் அதன் உரைகளையும் துணைக்கொண்டு இருபத்துநான்கு என நிறுவ முயன்றார். 1916-இல் பரோடாவில் கூடிய அகில இந்திய இசை மாநாட்டிலும் இக்கொள்கையை எடுத்துரைத்தார். அவர் குடும்பத்துப் பெண்கள் வீணை மீட்டிக் காட்டினர். ஆராய்ச்சி முழுவதும் 1917-இல், ஆயிரம் பக்கங்களைக் கடந்த 'கருணாமிர்த சாகரம்' என்னும் நூலாக அவருடைய அச்சகத்திலேயே அச்சாகி வெளிவந்தது. மருந்து ஈட்டிய பொருள் இசை நூலாக மாறியது.

அவருடைய சுருதிக் கணக்கை அறிஞர் எல்லாரும் ஏற்றனர் அல்லர், மறுத்தோரும் உண்டு. ஆயினும் கர்நாடக இசையின் வேரைப் பழந்தமிழ்ப் பண்களில் தேட வேண்டும் என்னும் வழி அவரால் துலக்கமுற்றது. விபுலானந்த அடிகளின் 'யாழ்நூல்' 1947-இல் வெளிவந்தபோது, அவ்வழியில் முன்சென்ற அடிச்சுவடு ஒன்று இருந்தது.

பணியை விட்ட ஆண்டு 1890. நூல் வந்த ஆண்டு 1917. இடைப்பட்டவை இருபத்தேழு ஆண்டுகள். வேலையை விடுவது ஒரு நாள் செயல். அதற்குப் பின்வரும் பல்லாண்டுகளைத் தாங்கும் தொழிலும் பொறுமையுமே கனவைக் காப்பவை. பண்டிதர் 1919-இல் மறைந்தார். நூல் வந்தபின் அவர் வாழ்ந்தது இரண்டே ஆண்டுகள். பள்ளியிலேயே இருந்திருந்தால் வாழ்வு கவலையின்றிக் கழிந்திருக்கலாம். ஆனால் தமிழிசைக்கு அந்நூல் கிடைத்திராது.

இன்று வேலையை விட எண்ணும் இளைஞர், துணிவு உண்டா என்று தம்மைக் கேட்டுக்கொள்வது இயல்பு. கைத்தொழில் உண்டா, உடன்வரும் துணை உண்டா, இருபத்தேழு ஆண்டு காத்திருக்கும் உள்ளம் உண்டா என்றும் கேட்டுக்கொள்வாராக.